பார்ட்டி கேம்ல 'என் ஆளு' எப்படி அமையுது

ஃபேன்டஸி ஆர்பிஜி, அதாவது கற்பனை உலகத்துல ஒரு கேரக்டரா மாறி ஆடுற கேம், புதுசா ஆரம்பிக்கிற யாரும் முதல்ல முழிக்கிற இடம் கேரக்டர் உருவாக்குற ஸ்க்ரீன்தான், சண்டையெல்லாம் அப்புறம். ஃபைட்டர் (சண்டைக்காரன்), விசார்ட் (மந்திரவாதி), கிளெரிக் (சாமியார்), ரோக் (திருடன்), பார்டு (பாட்டுக்காரன்)னு வரிசையா நிக்கும், ஒவ்வொன்னுக்கும் கீழ நாலு வரி எழுதியிருக்கும், அதைப் படிச்சாலும் ஒன்னும் வெளங்காது, கடைசில போன்ல யாரையாவது புடிச்சு "எதுண்ணே எடுக்கலாம்"னு கேக்கறதுல வந்து முடியும். அந்த அண்ணனும் அவருக்குப் புடிச்சதைத்தான் சொல்லுவாரு. ஏன் புடிச்சுதுன்னு திருப்பிக் கேட்டா "அது செம்மையா இருக்கும்டா"ங்கறதுக்கு மேல பதில் வராது.

இதுல ஒரு விநோதம் இருக்கு. தனி ஆளா சுத்துற கேம்னா சரி, எந்த கிளாஸ், அதாவது எந்த வகை ஆளு, எடுக்குறமோ அதோடதான் கடைசி வரைக்கும் குடித்தனம். பார்ட்டி கேம், அதாவது ஒரு கூட்டத்தையே கூட்டிட்டுச் சுத்துற கேம், அப்படி இல்ல. பால்டர்ஸ் கேட் 3-ங்கற கம்ப்யூட்டர் கேம்ல நாலு பேரு, 1998-ல வந்த முதல் பால்டர்ஸ் கேட்ல ஆறு பேரு, அத்தனை பேரையும் நகத்துறது நம்மதான். ஃபைட்டரோட வாளும் நம்ம கைதான், விசார்டோட ஃபயர்பாலும் (நெருப்பு உருண்டை) நம்ம கைதான். அப்படி எல்லாமே நம்மளோடதா இருக்கும்போது அதுல ஒருத்தன் மட்டும் 'என் ஆளு'ன்னு ஏன் மனசுல ஒட்டிக்கிறான்? மத்தவங்க விட்டு வெச்ச காலியிடத்துலதான் அந்தப் பிடிப்பு மொளைக்குதுங்கறது என் கணக்கு. அந்த காலியிடம் எங்கேருந்து வந்துச்சுன்னு பாத்தா மீதி தானா புரியும்.

1974-ல கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ரெண்டு பேரும் மேஜையில பகடை உருட்டி ஆடுற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டைக் கொண்டு வந்தப்ப அதுல மூணே மூணு கிளாஸ்தான். சண்டைக்காரன், மந்திரவாதி, கிளெரிக். இதுல கிளெரிக் வந்த கதை சுவாரஸ்யமானது, ஆர்னிசனோட பிளாக்மூர் விளையாட்டுல ஒருத்தர் வாம்பயராவே மாறி மத்தவங்களைப் போட்டு ஆட்டிப்படைச்சுருக்காரு, அவரை அடக்க ஒரு ஆளு வேணும்னுதான் பேயோட்டுற சாமியார் மாதிரி ஒரு கேரக்டரை உண்டாக்குனாங்கன்னு சொல்லுவாங்க. அடுத்த வருஷம், 1975-ல, கிரேஹாக்ங்கற இணைப்புப் புத்தகத்துல திருடன் வந்தான், பூட்டைத் தெறக்க, பொறியைக் கழட்ட, இருட்டுல ஒளிய. கவனிச்சுப் பாருங்க, எந்த கிளாஸும் "இது அழகா இருக்கே"ன்னு சும்மா வரல, மேஜையில ஏதோ ஒரு வேலைக்கு ஆளு இல்லாம நின்னப்ப அந்த வேலைக்குன்னு வந்தது. மேஜையைச் சுத்தி அஞ்சாறு பேரு உக்காந்து விளையாடுற சமாச்சாரம் அது, ஒவ்வொருத்தருக்கும் தனியா ஒரு வேலை இருந்தாத்தான் யாரும் கொட்டாவி விடாம உக்காந்திருப்பாங்க.

1981-ல கதை மாறுது. கார்னெல் யுனிவர்சிட்டி பசங்க ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் உட்ஹெட் ரெண்டு பேரும் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு விசார்ட்ரின்னு ஒரு கேம் பண்றாங்க. ஆறு பேரு கொண்ட பார்ட்டி, முன்னாடி மூணு பேரு, பின்னாடி மூணு பேரு, முன்வரிசை மட்டும்தான் கைச்சண்டை போட முடியும், பின்வரிசை மந்திரம் போடலாம், இல்லன்னா தடுப்பு போட்டுட்டு நிக்கலாம். ஃபைட்டர், மேஜ் (மந்திரவாதி), பிரீஸ்ட், தீஃப்னு நாலு அடிப்படை கிளாஸ், பிஷப், சாமுராய், லார்ட், நிஞ்சான்னு கொஞ்சம் ஒசரத்துல இன்னொரு நாலு. ஆறு பேருக்காகச் செஞ்ச நாற்காலி ஆறுலயும் ஒரே ஆளு உக்காந்துக்கிட்டான், அதுதான் நடந்தது. தனியா உக்காந்து ஆறு பேரையும் ஆட்டுறவனுக்கு "உனக்கு எது புடிக்கும்"ங்கற கேள்வியே தேவையில்லதான், ஆனா நாற்காலியோட டிசைன் மாறல, ஒவ்வொரு கிளாஸும் இன்னும் ஒரு தனி மனுஷனோட பொழுதுபோக்குக்குன்னு செதுக்குன மாதிரியேதான் இருக்கு. அதனால ஆறுல ஒன்னு நம்மளைத் தானா இழுத்துக்குது.

நம்ம டெல்டா பக்கம் இது இன்னொரு விதமா நடந்துச்சு. கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர்னு எங்க போனாலும் ஒரு காலத்துல தெருவுக்கு ஒரு சிஸ்டம் இருந்தாலே பெருசு, அப்புறம் 2011-ல கவர்மென்ட் லேப்டாப் வந்துச்சு, பிளஸ் டூ படிக்கிற அக்காவோ அண்ணனோ வாங்கிட்டு வந்து வெச்சா அது மொத்த வீட்டுக்கும் சொந்தம். தனியா கிராபிக்ஸ் கார்டுன்னு ஒன்னு அதுல கிடையாது, புது கேம் எதுவும் ஓடாது, பென் டிரைவ்ல வந்த பழைய பால்டர்ஸ் கேட்டும் எமுலேட்டர்ல (பழைய கேம் மெஷின் மாதிரி நடிக்கிற சாஃப்ட்வேர்) ஃபைனல் ஃபேன்டஸியும் ஓடும். 2012 வாக்குல சென்னையைத் தாண்டுனா மணிக்கணக்குல கரண்ட் கட் வேற, டெஸ்க்டாப் வெச்சிருந்தவனெல்லாம் சேவ் பண்ணாம செத்தான், லேப்டாப் வெச்சிருந்த வீட்டுல பேட்டரி தீர்ற வரைக்கும் கூட்டம். மே மாசம் ஆத்துல தண்ணி இருக்காது, வெறும் மணல்தான், மேட்டூர் தெறந்து தண்ணி இந்தப் பக்கம் வந்து சேர்ற வரைக்கும் குளிக்கப் போறோம்னு வெளிய ஓடவும் வழியில்ல. அத்தை பையன், சித்தப்பா பையன், எதுத்த வீட்டுத் தம்பின்னு எல்லாம் ஒரே ஸ்க்ரீன் முன்னாடி.

இங்கதான் பார்ட்டி கேம் மறுபடி மேஜையா மாறுச்சு. ஃபைனல் ஃபேன்டஸியில நாலு பேருன்னா நாலு பசங்க ஆளுக்கு ஒன்னு. வயசுல மூத்தவன் ஃபைட்டரை எடுத்துக்குவான், அதுல பேச்சே இல்ல, அடுத்தவன் பிளாக் மேஜ், நெருப்பு மின்னல்னு ஸ்க்ரீன் அதிரணும் அவனுக்கு. மூணாவது ஆளு பிளாக் பெல்ட். கடைசியா இருக்குறவனுக்கு, பெரும்பாலும் சின்னப் பையனுக்கு, "நீ ஒயிட் மேஜ்டா, நாங்க அடி வாங்கினா வைத்தியம் பாரு"ன்னு தள்ளி விட்டுருவாங்க. அவன் முறை வந்தா அவன் பட்டனை அவனே அமுக்குவான், முறை வெச்சு ஆடுற கேம்ங்கறதால இதெல்லாம் சாத்தியமாச்சு, ஓடிக்கிட்டே சுடுற கேம்ல மவுஸை எப்படிக் கை மாத்துறது. நான் பாத்த வரைக்கும் இப்படி மிச்சத்துல கெடைச்ச கிளாஸ்தான் பின்னாடி பலருக்கு உசுரா ஆயிருக்கு, மூத்தவன் ஃபைட்டரை மறந்துட்டான், அந்த சின்னப் பையன் இன்னிக்கும் எந்த கேம் எடுத்தாலும் கிளெரிக்தான்.

இது வெறும் பழக்கம்னு ஒதுக்கிட முடியாது, கணக்கும் அவன் பக்கம்தான் இருக்கு. பார்ட்டி கேம்ல எந்தச் சண்டையும் கடைசில யாரு பக்கம் எத்தனை முறை கை ஓங்குதுங்கறதுல வந்து நிக்கும். நம்ம பக்கம் நாலு பேரு, ஒரு சுத்துக்கு நாலு வேலை, எதிராளி பக்கம் ஏழு பேருன்னா அவனுக்கு ஏழு வேலை. ஃபைட்டர் என்ன பண்றான்னா தன்னோட ஒரு முறையை வெச்சு எதிராளியோட ஒருத்தன குறைக்கப் பாக்குறான். கிளெரிக் வேற மாதிரி, தன்னோட ஒரு முறையை வெச்சு மத்த மூணு பேரோட முறையையும் கூர் தீட்டுறான்.

பால்டர்ஸ் கேட் 3-ல முதல் லெவல்லயே கெடைக்கிற பிளெஸ் மந்திரத்தை எடுத்துக்குங்க. மூணு பேருக்குப் போடலாம், அவங்க அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் இருவது முகம் உள்ள பகடையோட ஒரு நாலு முகப் பகடையும் சேந்து உருளும். நாலு முகத்தோட சராசரி ரெண்டரை. இருவதுல ரெண்டரைன்னா பன்னெண்டரை சதவீதம். நூத்துல 65 அடி விழற ஆளுக்கு இப்ப 77-ஐத் தாண்டி விழும், அதாவது முன்னாடி விழுந்ததை விட கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு கூடுதல், அதுவும் மூணு பேருக்கும், பத்து சுத்து வரைக்கும். எதிராளி நம்ம மேல போடுற மந்திரத்தைத் தாங்குற உருட்டலுக்கும் இதே கூடுதல் உண்டு. ஸ்க்ரீன்ல ஒரு பளபளப்பு வந்துட்டுப் போயிடும், அவ்ளோதான், "எவ்ளோ டேமேஜ் அடிச்சேன் பாத்தியா"ன்னு காட்டுறதுக்கு ஒரு நம்பர் கூட வராது. அதனாலதான் இதை யாரும் மதிக்கறதில்ல. கான்சென்ட்ரேஷன்னு ஒரு நிபந்தனை இருக்கு, அடி பட்டு கவனம் கலைஞ்சா மந்திரமும் கலையும், ஆக கிளெரிக்கை எங்க நிறுத்தறோம், யாரு அவனை மறைச்சு நிக்கறாங்கன்னு பாக்கறதே தனி ஆட்டமா ஆயிடும்.

கிளெரிக்னா வைத்தியம்னு நெனைக்கறது இன்னொரு கூத்து. க்யூர் வூண்ட்ஸ் போட்டா எட்டு முகப் பகடை ஒன்னும் கூட கொஞ்சமும், சராசரியா ஏழு எட்டு பாயின்ட் ஏறும், எதிராளி ஒரே அடியில அதைத் தட்டி விட்டுருவான். நம்ம ஒரு முழு முறை போச்சு, அவனுக்கும் ஒரு முறைதான் செலவு, லாபம் எங்க? விஷயம் தெரிஞ்சவங்க ஹீலிங் வேர்டை மட்டும் கையில வெச்சிருப்பாங்க, அது போனஸ் ஆக்‌ஷன்ல, அதாவது முக்கிய வேலையைத் தவிர கெடைக்கிற கூடுதல் சின்ன வேலையா, தூரத்துலேருந்தே போடலாம், விழுந்து கெடக்கறவனை ஒரு பாயின்ட்ல எழுப்பி விட்டாலும் அவனோட முறை நமக்குத் திரும்பக் கெடைச்சுரும். அடி விழறதுக்கு முன்னாடி அதைத் தடுக்கறதும், விழுந்தவனை எழுப்பறதும்தான் கிளெரிக் வேலை, நடுவுல காயத்துக்கு மருந்து தடவுற வேலையை போஷன்கிட்ட விட்டுரலாம்.

நாயனக் கச்சேரியில ஒத்து ஊதுற ஆளை நெனைச்சுக்குங்க. ராகம் கிடையாது, சங்கதி கிடையாது, ஒரே சுருதியை மூச்சு அறாம புடிச்சுக்கிட்டே நிப்பாரு, போட்டோவுல கூட பாதி தலைதான் விழும். தவில்காரரு மாதிரி அவருக்குத் தனி ஆவர்த்தனம் யாரு கொடுத்தா. இப்ப அந்த எடத்துல சுருதிப் பெட்டி வந்துருச்சு, ஆனாலும் ஏதோ ஒன்னு அந்தச் சுருதியைப் புடிச்சுக்கிட்டு நிக்கணும். சப்போர்ட் கிளாஸ் விரும்புறவங்களோட ருசி இந்த ரகம், கைதட்டு தனக்கு வரணும்னு அவங்களுக்கு இல்ல.

மந்திரவாதியைப் புடிச்சவங்க வேற ஜாதி... தப்பா எடுத்துக்காதீங்க, வேற ரகம். பழைய கேம்ல முதல் லெவல் விசார்ட்னா ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம், நாலு முகப் பகடை உருட்டி வர்ற அளவுதான் உசுரு, பூனை பொறாண்டினாலே போயிடுவான். அதே ஆளு அஞ்சாவது லெவல்ல ஃபயர்பால் போடுவான், இன்னும் மேல போனா மொத்த சண்டையையும் ஒரு வார்த்தையில முடிப்பான். ஃபைட்டர் ஒரே சீரா ஏறிக்கிட்டே போவான், விசார்ட் ரொம்ப நாள் தரையோட தரையா கெடந்துட்டு திடீர்னு செங்குத்தா ஏறுவான். விசார்ட் பிரியர்கள் அந்த ஏத்தத்துக்காகக் காத்துக் கெடக்கறவங்க, கஷ்ட காலத்துல மத்த அஞ்சு பேரும் அவனை இடுப்புல தூக்கிட்டுப் போகணும். பார்ட்டி இல்லன்னா இந்த கிளாஸே சாத்தியம் இல்ல. முதல் பால்டர்ஸ் கேட்ல ஆரம்பத்துலயே ஒரு சமாதானம் உண்டு, ஸ்லீப் மந்திரம், ஒரு கும்பலே சுருண்டு படுத்துரும், ஃபைட்டர் போய் ஒவ்வொன்னா முடிச்சுட்டு வருவான். பேரு என்னவோ ஃபைட்டருக்குத்தான்.

திருடன் கிளாஸ் எனக்கு எப்பவும் ஒரு சிக்கல்தான். டிராகன் ஏஜ் ஒரிஜின்ஸ்ல, 2009-ல வந்தது, வாரியர், ரோக், மேஜ்னு மூணே கிளாஸ், பூட்டுன பொட்டியை ரோக் மட்டும்தான் தெறக்க முடியும், கூட்டிட்டுப் போகலன்னா ஒவ்வொரு பொட்டியையும் பாத்துப் பெருமூச்சு விட்டுட்டு நகரணும். இது பிடிப்பா, பிளாக்மெயிலா? பால்டர்ஸ் கேட் 3-ல கருவி இருந்தா யாரு வேணும்னாலும் பூட்டைத் தெறக்க முயற்சி பண்ணலாம், அதுல போயும் ரோக் எடுக்கறவங்கதான் நெசமாவே ரோக் புடிச்சவங்க. எல்லாத்தையும் விட பாவம் 1987-ல வந்த முதல் ஃபைனல் ஃபேன்டஸியோட தீஃப், பூட்டு தெறக்கவும் மாட்டான், திருடவும் மாட்டான், பின்னாடி நிஞ்சா ஆவான்ங்கற ஒரே நம்பிக்கைல பாதி கேமை ஓட்டணும். அந்த கேம்லயே மேஜுங்களோட இன்டெலிஜன்ஸ் ஏறுனா மந்திரம் பலமாகும்னு எல்லாரும் நம்பிக்கிட்டு இருந்தாங்க, புரோகிராம்ல இருந்த கோளாறுனால அந்த நம்பர் எதுக்குமே பயன்படலங்கறது அப்புறமா தெரிஞ்சது. அது தெரியாமலே பிளாக் மேஜைத் தலையில வெச்சுக் கொண்டாடினவங்க எத்தனை பேரு, அதுல ஒன்னும் குறைஞ்சு போயிடல.

காத்திருந்து பலன் வாங்குற ருசியை டிராகன் குவெஸ்ட் 3 மாதிரி யாரும் கிண்டல் பண்ணுனதில்ல. 1988 கேம். அதுல ஒரு வெட்டிப்பய கிளாஸ் இருக்கான், சண்டை நடக்கும்போது சொன்ன பேச்சைக் கேக்காம ஜோக் அடிப்பான், தடுக்கி விழுவான், முறையை வீணாக்குவான். இவனை எதுக்குடா கூட்டிட்டுப் போறதுன்னு தோணும். இருவதாவது லெவல் வரைக்கும் சகிச்சுக்கிட்டா கிளாஸ் மாத்துற கோயில்ல அவன் நேரா சேஜ் ஆயிடலாம், ரெண்டு வகை மந்திரமும் கத்துக்கிற ஞானி. வேற எந்த கிளாஸுக்கும் அதுக்கு ஒரு அபூர்வமான புத்தகம் வேணும், வெட்டிப்பயலுக்கு மட்டும் வேண்டாம். வெட்டியா சுத்துறவன் ஒரு நாள் ஞானி ஆவான்னு கேம் டிசைனர் எழுதி வெச்சுட்டாரு, நம்ம ஊரு டீக்கடை பெஞ்சுல உக்காந்திருக்கற யாரும் இதை மறுக்க மாட்டாங்க.

இப்ப வர்ற கேம்கள்ல இன்னொரு சங்கதி சேந்துருக்கு. ஆறு பேரையும் நம்மளே உருவாக்குறது போயி, ஒருத்தரை நம்ம உருவாக்கணும், மீதிப் பேரு கதையோட வந்து சேருவாங்க. பால்டர்ஸ் கேட் 3-ல ஷேடோஹார்ட் கிளெரிக், அஸ்டாரியன் ரோக், லேசெல் ஃபைட்டர், கேல் விசார்ட், வில் வார்லாக், கார்லாக் பார்பேரியன். பின்னாடி வர்றவங்கள்ல ட்ரூயிட், ரேஞ்சர், பாலடின் உண்டு. எண்ணிப் பாத்தா பன்னெண்டு கிளாஸ்ல பார்ட், மங்க், சார்சரர் மூணுக்கு மட்டும்தான் ஆளே இல்ல. காலியிடம்னு நான் சொன்னது இதைத்தான். நம்ம விசார்ட் எடுத்தா கேலை முகாம்ல படுக்க வெச்சுட்டுப் போற மாதிரி ஆயிடும், அவன் கதையும் பாதியில நிக்கும். பேச்சு வார்த்தையும் பெரும்பாலும் நம்ம ஆளுதான் பேசணும், அதுக்கு கரிஸ்மா, அதாவது ஆளை வசியம் பண்ற திறமை, வேணும், பார்டுக்கும் சார்சரருக்கும் பாலடினுக்கும் வார்லாக்குக்கும் அதுதான் முக்கிய ஸ்டாட். ஃபைட்டரை வெச்சு ராஜதந்திரம் பண்றதுன்னா பகடையோட கருணைல வாழ வேண்டியதுதான்.

"அதான் நூறு தங்கம் குடுத்தா முகாம்ல இருக்கற விதர்ஸ்ங்கற கேரக்டர் கிளாஸை மாத்தி விட்டுருவானே"ன்னு கேப்பீங்க. மாத்தலாம், யாரை வேணும்னாலும் எதுவா வேணும்னாலும் மாத்தலாம், லேசெல்லை பார்ட் ஆக்கி விட்டு வேடிக்கை பாத்தவங்களும் இருக்காங்க. ஆனா எதையும் எப்பவும் மாத்திக்கலாம்னு வந்துட்டா ஒன்னுமே ஒட்டாமப் போறது உண்டு. ஃபைனல் ஃபேன்டஸி 5, 1992-ல வந்தது, இதுக்கு நல்ல உதாரணம். நாலு பேரு, இருவதுக்கு மேல ஜாப் (அதுல கிளாஸுக்கு அந்தப் பேரு), எவனும் எதுவும் ஆகலாம், ஒன்னுல கத்துக்கிட்டதை இன்னொன்னுல மாட்டிக்கலாம். அற்புதமான ஏற்பாடு, ஆனா பல பேருக்கு அதுல புடிச்ச ஜாப்னு ஒன்னு உருவாகவே இல்ல. அப்புறம் ரசிகர்களே ஒரு வழி கண்டுபுடிச்சாங்க, ஃபோர் ஜாப் ஃபியஸ்டான்னு வருஷா வருஷம் நன்கொடை திரட்டுறதுக்காக நடத்துறாங்க, அந்த கேம்ல ஜாப்பைக் குடுக்கற நாலு கிரிஸ்டல்லேருந்தும் குலுக்கல்ல ஆளுக்கு ஒரு ஜாப் வரும், அந்த நாலை மட்டும் வெச்சு முழு கேமையும் முடிக்கணும். குலுக்கல்ல பெர்சர்க்கர் வந்தா, அவன் சொல்பேச்சு கேக்காம தானா அடிச்சுக்கிட்டே இருப்பான், தலையில கைய வெச்சுக்கிட்டுத்தான் ஆரம்பிப்பாங்க. முடிக்கும்போது அதே பெர்சர்க்கர் மேல பாசமா இருப்பாங்க. எங்க தெருவுல சின்னப் பையனுக்கு ஒயிட் மேஜ் விழுந்த அதே வேலையைத்தான் குலுக்கல் இங்க பண்ணுது.

சரி, புதுசா ஆரம்பிக்கறவனுக்கு என்ன சொல்றது. 'பெஸ்ட் பில்ட்' வீடியோ பாத்துட்டு வராதேன்னுதான் முதல்ல சொல்லுவேன், அதெல்லாம் தனி ஒரு ஆளு ஒரே சுத்துல எவ்ளோ அடிக்கிறாங்கற கணக்கு, கூட மூணு பேரு இருக்காங்கங்கறதையே மறந்த கணக்கு. ஒரு சண்டை நடக்கும்போது உன் கண்ணு எங்க போகுதுன்னு பாரு. எதிராளியோட உசுரு கோடு குறையறதையே பாத்துக்கிட்டு இருந்தா ஃபைட்டர், பார்பேரியன் பக்கம் போ. நம்மாளுங்க கோட்டைப் பாத்துக்கிட்டு பதறினா கிளெரிக். சண்டையே ஆரம்பிக்காம பேசி முடிக்க முடியுமான்னு தேடினா பார்ட், 1985 பார்ட்ஸ் டேல் கேம்ல பார்டுக்கு தொண்டை காஞ்சா பாட்டு வராது, கடையில ஊத்திக் குடுத்து தேத்தணும், இப்ப கொஞ்சம் திருந்திட்டான். வர்ற ஒரு சுத்தை மட்டும் பாக்காம நாலாவது சுத்துல என்ன ஆகும்னு கணக்குப் போடற ஆளுன்னா விசார்ட், அவனுக்கு இந்த விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

எதை எடுத்தாலும் அஞ்சாவது லெவல் வர்றதுக்குள்ள மாத்தாதே. பால்டர்ஸ் கேட் 3-ல ஃபைட்டருக்கு ஒரே முறையில ரெண்டாவது அடி கெடைக்கறதும் அங்கதான், விசார்டுக்கு ஃபயர்பால் வர்றதும் அங்கதான், அது வரைக்கும் எல்லா கிளாஸும் கிட்டத்தட்ட ஒரே ஏழை. லெவல் மொத்தமே பன்னெண்டுதான், ஃபைட்டரோட மூணாவது அடி பதினொன்னுல வந்து சேரும், அதுக்குள்ள கேம் முடியிற நேரம் நெருங்கியிருக்கும்.